புது டயரைப் பின்னால் போடச் சொன்னவளுக்கு

சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன், கையில் இருக்கும் புது ரப்பர் வாசனை போக மாட்டேன் என்கிறது. இந்தப் பேனாவைப் பிடித்து எழுதும்போதும் மூக்கில் ஏறுகிறது. நீ இருந்திருந்தால் என் கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்து, "நல்ல சரக்குதான்டீ" என்று சான்றிதழ் கொடுத்திருப்பாய். இன்று காலை உன் வண்டிக்கு டயர் வாங்கப் போனோம், நானும் உன் மகள் செலினும். நீ இல்லாமல் நான் டயர் கடைப் படி ஏறியது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உனக்கு எழுதினால் தேவலை என்று இருந்தது. உன்னிடம் கேட்க ஒரே ஒரு கேள்வியை நான்கு வருடமாக மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் நம் வண்டி சறுக்கி உன் கை உடைந்ததே, அன்று நான் சொன்ன காரணம் பொய் என்று உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் அது. கேட்டால் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதனால் நாளைக்கு, அடுத்த வாரம், கிறிஸ்துமஸ் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன வருடம் ஆடியில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பேன்?

நம் ஏற்பாடே ஒரு வேடிக்கை. வண்டி உன்னுடையது, ஓட்டுவது நான். சேதராப்பட்டுக் கம்பெனியில் நீ தரப் பரிசோதனைப் பிரிவு, நான் ஸ்டோர்ஸ். கம்பெனி பஸ் முத்தியால்பேட்டைப் பக்கம் வருவதை நிறுத்தியதும் நீ அந்தச் சின்ன வெள்ளைக் காரை வாங்கினாய். சின்ன வயதிலிருந்தே இடது கண்ணில் பார்வை மங்கல் என்பதால் உனக்கு ஓட்ட வராது. எனக்கோ பாகூரில் அப்பாவின் டிராக்டரில் பழகிய கை. வண்டி வந்த அன்று நான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன், நீ சர்ச் சாமியாரைக் கூட்டி வந்து தீர்த்தம் தெளித்தாய். இரண்டும் சேர்ந்து எந்த அளவு காப்பாற்றின என்று பிறகு பார்த்தோமே.

நீ எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவாய். அங்கேதான் உன் டிபன், அங்கேதான் உன் ஜெபமாலை. முத்தியால்பேட்டையில் தொடங்கினால் வழியில் மேட்டுப்பாளையத்து லாரிகளுக்கு நடுவே மாலையின் மூன்றாம் பத்து மணி வரும், கம்பெனி கேட்டில் ஐந்தாவது பத்தும் முடியும். சிக்னல் எல்லாம் பச்சையாக விழுந்துவிட்ட நாட்களில் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, மிச்ச மணிகளை நீ உருட்டி முடிக்கும்வரை நான் காத்திருந்திருக்கிறேன். சாயங்காலம் திரும்பும்போது ஜெபமும் கிடையாது, பேச்சும் கிடையாது. வண்டி நகர்ந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவாய்.

இஞ்சின், ஆயில், பிரேக் எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்ட நீ டயரை மட்டும் விடவில்லை. ஓட்டவே தெரியாதவளுக்கு டயரில் அப்படி என்ன அக்கறை என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. வழுதாவூர் சாலையில் ஒரு சனிக்கிழமை நாம் ஏறி இறங்கிய கடைகளை நினைத்துப் பார்க்கிறேன். எந்தக் கடையிலும் முதலில் விலை கேட்க மாட்டாய். குனிந்து டயரின் பக்கவாட்டில் கண்ணை வைத்துத் தேடுவாய். அங்கே ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், கடைசி இரண்டு எந்த வருடம். டயரின் பிறந்த நாள் அது. அப்படி ஒன்று இருப்பதே உன்னால்தான் எனக்குத் தெரிந்தது.

"இது பொறந்து ரெண்டு வருசம் ஆவுது. புதுசுன்றீங்க?" என்று கேட்டாய் ஒரு கடையில்.

"ஓடாத டயரு புது டயருதாம்மா" என்றார் கடைக்காரர்.

"நானும்தான் ஓடல. என்னைப் புதுசுன்னு யாராச்சும் சொல்றாங்களா?"

"மெர்சி, மெசியே" என்று கையைக் கூப்பிவிட்டு நீ வெளியே வந்துவிட்டாய். உன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், நன்றியைக்கூட பிரெஞ்சில் சொல்வது உங்கள் வீட்டுப் பழக்கம். சிரித்துக்கொண்டே திட்டிவிட்டுப் போகிறாள் என்று நினைத்து கடைக்காரர் முறைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான்காவது கடையில் டயரும் தேதியும் உனக்குப் பிடித்திருந்தன. ஆனால் இரண்டு கம்பெனி டயர்கள், இரண்டுமே நல்லவை. எதை எடுப்பது? நான் ஒன்றைக் கைகாட்டினேன், பூ வேலைப்பாடு மாதிரி அழகாக இருந்தது. நீ கடைக்காரரிடம், "உங்க சொந்த வண்டில என்னா போட்டிருக்கீங்க?" என்றாய். அவர் சொன்னதும் நம்பினாயா? வெளியே போய் அவருடைய காரைச் சுற்றி வந்து, நான்கு சக்கரத்தையும் பார்த்துவிட்டு வந்தாய். "மெய்தான் சொல்றாரு. அதையே போடுங்க." அந்த மனிதர் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது யோசித்தால், சொந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் ஒருவர் எதைப் போடுகிறாரோ அதைவிட நல்ல சாட்சி வேறு என்ன இருக்கிறது?

அன்று வாங்கியது இரண்டு டயர். எங்கே போடட்டும் என்று அவர் கேட்டார். நான் முன்னால் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நீ, "பின்னாடி" என்றாய்.

"ஏன்டி, ஸ்டீயரிங் முன்னாடிதான இருக்குது?"

"முன்னாடி சறுக்குனா உன் கைக்குத் தெரியும். பின்னாடி சறுக்குனா தெரியாதுடீ."

சேற்று வயலில் டிராக்டர் ஓட்டியவளுக்கு, ஸ்டீயரிங்கையே தொடாதவள் பாடம் சொல்கிறாளா என்று எனக்குச் சுருக்கென்றது. அதைவிட மட்டமான ஒரு நினைப்பும் வந்தது. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பின் சீட்டில் உட்காருகிறவள் நீ, அதனால்தான் நல்ல டயரைப் பின்னால் போட்டுக்கொள்கிறாய் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதே கூசுகிறது.

அந்தப் புரட்டாசியில் நீ உன் அக்கா வீட்டுக்குக் காரைக்கால் போயிருந்தாய். வண்டி என் வீட்டு வாசலில் நின்றது. என் வீட்டுக்காரரின் தம்பி வந்தவர் சக்கரங்களைப் பார்த்துவிட்டு, "என்னா அண்ணி, மொட்டை டயர முன்னாடி வச்சிக்கினு புதுச பின்னாடி போட்டு வச்சிருக்கீங்க? பிரேக் புடிச்சா வெயிட்டு பூரா முன்னாடிதான வரும்?" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தெருமுனை பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போய்ப் புது டயர்களை முன்னாலும் மொட்டை டயர்களைப் பின்னாலும் மாற்றிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ கவனிக்கிறாயா பார்ப்போம் என்று ஒரு விளையாட்டும் அதில் இருந்தது.

பிறகு ஐப்பசி மழை வந்தது. சேதராப்பட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், மணி நாலு நாலரை இருக்கும். நீ பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாய். ஒரு வளைவு, தேங்கிய தண்ணீர், நான் லேசாக பிரேக்கில் கால் வைத்தேன், அவ்வளவுதான். என் கையில் ஸ்டீயரிங் நேராக, கெட்டியாக இருந்தது. முன் சக்கரங்கள் ரோட்டைக் கவ்விக்கொண்டிருந்தன. வண்டியின் பின்பாதி மட்டும் தன் பாட்டுக்கு எங்கோ போனது. நீ சொன்னது அப்படியே, எழுத்துப் பிசகாமல் நடந்தது. பாதிச் சுற்றுச் சுற்றி ஒரு மைல் கல்லில் போய் இடித்து நின்றோம். நீ வலது கையை முன் சீட்டில் ஊன்றியபோது மணிக்கட்டு முறிந்தது.

"என்னாச்சுடீ?" என்றாய், தூக்கமும் வலியுமாக.

"நாய் குறுக்க வந்துடுச்சு" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது. வண்டியை இழுக்க வந்த மெக்கானிக் பின் சக்கரங்களைக் கையால் தடவி, "பின் டயரு ரெண்டும் வழுக்கையா இருக்குதேம்மா, மழைக்கு எப்படி நிக்கும்?" என்று கேட்டபோது, நீ ஆம்புலன்ஸில் போயிருந்தாய். நல்ல வேளை என்று நினைத்தேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நீ கேட்ட முதல் கேள்வி, "நாய் என்னா கலருடீ?" செவலை என்றேன். நான்கு மாதம் கழித்து, கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிடும்போது, சம்பந்தமே இல்லாமல் திரும்பவும் கேட்டாய். நான் கறுப்பு என்றேன். நீ தலையாட்டிவிட்டு அப்பளத்தை உடைத்தாய். கறுப்பு என்று சொல்லிவிட்டது ராத்திரி படுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வேலையில் நீ எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாதா? ஒரே பெட்டியை இரண்டு நாள் விட்டு இரண்டு முறை அளந்து பார்க்கிறவள். ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அதற்குப் பிறகு மழை தூறும் நாட்களில் எல்லாம் வண்டியில் ஏறியதும், "நாய் பாத்து ஓட்டுடீ" என்பாய். கை சரியான பிறகு ஜெபமாலையோடு முன் சீட்டுக்கும் வந்துவிட்டாய். கிண்டலா, கரிசனமா, பயமா? மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்துத் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு.

நீ கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில், வண்டி பட்டறையிலிருந்து வந்த உடனே நான் டயர்களைத் திரும்ப மாற்றி, வண்டியை உன் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டேன். புதுசு பின்னால், பழசு முன்னால், எல்லாம் நீ வைத்த மாதிரியே. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நிம்மதியாகத்தான் இருந்தேன், இன்று காலை வரைக்கும்.

செலினுக்குச் சேதராப்பட்டில் வேலை கிடைத்திருக்கிறது. நம் கம்பெனி இல்லை, பக்கத்துக் கம்பெனி. போன மாதம் லைசென்சும் எடுத்துவிட்டாள். நான் ஓய்வு பெற்றாயிற்று. இனி அந்த வண்டியை, அதே ரோட்டில், அதே வளைவில் அவள்தான் ஓட்டப்போகிறாள். முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்றணும் சித்தி என்று கூப்பிட்டாள். அந்தப் பழைய கடைக்கே போனோம். தேதி பார்த்தேன், மோந்து பார்த்தேன், கடைக்காரரிடம் அவருடைய சொந்த வண்டியைப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "கூட வர்ற அந்த அம்மா வரலையா?" என்றார். செலின்தான் பதில் சொன்னாள். அவர் எங்களோடு வெளியே வந்து தன் காரைக் காட்டினார். அதில் இருந்ததையே எடுத்தோம்.

முன் சக்கரங்களைக் கழற்றித் தரையில் கிடத்தினார்கள். அன்று பின்னால் போட்டாயே, அதே இரண்டு டயர்கள். இரண்டு வருடம் முன்பு வேறு ஜோடி வாங்கிப் பின்னால் போட்டபோது இவற்றை முன்னால் கொண்டுவந்தாய். உள்பக்கச் சேற்றைக் கடைக்காரர் துணியால் துடைத்தார். மஞ்சளாக ஏதோ எழுத்து தெரிந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

உன் பெயின்ட் பேனா. கம்பெனியில் பார்த்து முடித்த ஒவ்வொரு பெட்டியிலும் குறி போடுவாயே, அதே மஞ்சள். வண்டிக்கு அடியில் நுழைந்தால்தான் தெரியும் பக்கத்தில், வாங்கிய அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறாய். 'பி.இ.' பின் இடது. வாங்கிய தேதி. அதன் மேல் ஒரு கோடு. அதற்குக் கீழே 'பி.வ.' பின் வலது, ஒரு தேதி, அதன் மேலும் ஒரு கோடு. அதற்கும் கீழே 'மு.வ.' முன் வலது என்று கடைசியாக மாற்றியது. உங்கள் பிரிவின் வழக்கம் எனக்குத் தெரியும். தப்பான குறியை அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. பழசு படிக்க முடிகிற மாதிரி ஒற்றைக் கோடு, கீழே சரியானது, தேதி, கையெழுத்து.

இடது பக்கம் இருந்த டயர் எப்படி வலது பக்கம் போனது? யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பஞ்சர் கடையில் திரும்ப மாற்றியபோது இடமும் வலமும் மாறிவிட்டது. நானும் பார்க்கவில்லை, கடைப் பையனும் பார்க்கவில்லை. டயர்களை நான் கழற்றி மாட்டியிருக்கிறேன் என்று கண்டுபிடிக்க உனக்கு அது ஒன்றே போதும். நடுவில் இருந்த தேதி, விபத்து நடந்து மூன்றாவது வாரம்.

அப்போது எனக்குள் ஓடியது என்ன என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? பயம் இருந்தது, ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒரு ஆச்சரியம். ஏனென்றால் அந்த நடு வரி உன் எழுத்து இல்லை. மேலேயும் கீழேயும் உன் குண்டு எழுத்து, நடுவில் மெல்லிசாகச் சாய்ந்த எழுத்து. மூன்றாவது வாரம் உன் வலது கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. அப்படியானால் எழுதியது யார்?

கடைக்காரர் இதெல்லாம் தெரியாமல், "முன்னாடி கழட்டினதுக்கு முன்னாடியே போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

"போட்டுடுங்க" என்றாள் செலின்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பின்னால் இருக்கும் ஜோடி இன்னும் ஒரு வருடம் தாங்கும். ஆனால் ஐப்பசி வருகிறது. அந்த வளைவில் தண்ணீர் இப்போதும் தேங்குகிறது.

"வேணாம். பின்னாடி இருக்கிறத முன்னாடி கொண்டாந்துட்டு, புதுச பின்னாடி போடுங்க" என்றேன்.

"ஏன் சித்தி? ஸ்டீயரிங் முன்னாடிதான இருக்குது?"

அவள் முகத்தைப் பார்த்தேன். உன் முகம் மாதிரியே, ஒன்றும் காட்டாத முகம். அந்தக் கடையில், கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே, உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ பின்னால் போடச் சொன்னதை, நான் மாற்றியதை, ஏன் மாற்றினேன் என்ற அந்த மட்டமான காரணத்தையும் சேர்த்து. "நாய் எதுவும் வரலம்மா. உங்கம்மா கை என்னாலதான் ஒடஞ்சுது" என்றேன். கடைக்காரர் நாகரிகமாக உள்ளே போய்விட்டார்.

செலின் கீழே கிடந்த டயரின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நடு வரியைத் தொட்டாள்.

"இது நான் எழுதினது சித்தி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து, என்னைக் கார் அடியில நுழைய வச்சாங்க. டார்ச் அடிச்சிப் படிக்கச் சொன்னாங்க. எடம் மாறிப் போயிருக்குதுன்னதும் கோடு போடு, எழுதுன்னாங்க. கையெழுத்து மட்டும் இடது கையால அவங்களே போட்டாங்க, பாருங்க, கோழி கெளறுன மாதிரி."

அடுக்கியிருந்த டயர்கள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "கோவப்பட்டாளா?" என்றேன்.

"பட்டாங்க. ஒரு வாரம் உங்க பேரச் சொன்னாலே முறைப்பாங்க. நேரா கேட்டுடும்மான்னு நான் சொன்னேன். அதுக்கு அவங்க, 'கேட்டா அவ இனிமே ஸ்டீயரிங்கத் தொடமாட்டாடீ. அவ ஓட்டலன்னா நான் எவகூட வேலைக்குப் போறது?'ன்னாங்க. அவ்ளோதான். அப்புறம் அதப் பத்திப் பேசவே இல்ல."

ஆக, உனக்குத் தெரியும். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டும், ஆனால் ஒரு கேள்வி போன இடத்தில் பத்து முளைத்திருக்கிறது. ஒரு வாரத்தில் அந்தக் கோபத்தை என்ன செய்தாய்? நீ சொன்ன காரணத்தை நான் அலட்சியப்படுத்தியது வலித்ததா, கை வலித்ததா, எது அதிகம்? செலின் இன்று 'போட்டுடுங்க' என்று சொன்னது தெரியாமலா, இல்லை என்னை வாய் திறக்க வைக்கவா? அவளிடம் கேட்டேன். உன்னைப் போலவே சிரித்து மழுப்பிவிட்டாள்.

இதையெல்லாம் நான் இனிமேல் மெதுவாக யோசித்துக்கொள்வேன். ஒன்றை மட்டும் யோசிக்க வேண்டியதில்லை, அது கணக்காகத் தெரிகிறது. கட்டுப் பிரித்த மறு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் உன் வாசலில் ஹாரன் அடித்தேன். டயரை யார் மாற்றினார்கள் என்று உனக்குத் தெரியும், நான் பொய் சொன்னேன் என்றும் தெரியும். நீ கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "போலாம்டீ" என்றாய். அதன் பிறகு கிட்டத்தட்ட மூன்று வருடம், வெயிலிலும் மழையிலும், ஒவ்வொரு நாளும் அப்படித்தான் உட்கார்ந்தாய். தெரிந்தேதான் ஏறினாய்.